தேடியதேட்டமும் பென்சனும்: பிரிந்துபோனவளின் பாதி எங்கே போனது?

ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி வங்கி வாசல்களில் காலையிலேயே சனம் சேர்ந்துவிடும். பென்சன் நாள். குடையும் பாஸ்புத்தகமுமாக ஓய்வுபெற்ற கிளாக்மார், ரீச்சர்மார், தபால்காரர், அவர்களுடைய விதவைகள் எல்லாரும் நிற்பார்கள். அந்த வரிசையில் நிற்காத ஒருவரிடமிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

எங்களில் ஒருவருக்குத் தெரிந்த அன்ரி அவர். கணவரோடு கதைபேச்சு இல்லாமல் போய் 20 வருசத்துக்கு மேல். கணவர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து இளைப்பாறியவர், இப்ப வேறொரு ஊரில் வேறொருவரோடு இருக்கிறார். ஆனால் இருவரும் இன்னும் சட்டப்படி புருசன் பெண்சாதிதான். டிவோர்ஸுக்கு அன்ரி சம்மதிக்கவே இல்லை. ஊர் இதைத் தாலிப் பாசம் என்று சொல்லும். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். கதையோடு கதையாக ஒருநாள் கேட்டபோது அவர் சிரித்துப்போட்டுச் சொன்னார்: "பாசமோ? நல்ல கதை. நான் சைன் வைச்சா அண்டையோட நான் ஆரோ, அவர் ஆரோ. வைக்காட்டில், அந்தாள் கண்ணை மூடினாப் பிறகு எண்டாலும் எனக்கு ஏதோ மாசாமாசம் வரும், பிள்ளையள்."

அந்தாள் கண்ணை மூடும்வரை காத்திருக்கிற ஒரு ஓய்வூதியத் திட்டம். இது எப்படி வந்தது என்று தேடப்போனபோது, எங்கடை நாட்டுச் சட்ட வரலாற்றில் இரண்டு தடவை மனைவியின் கையில் இருந்த "பாதி" எடுக்கப்பட்டது கண்ணில் பட்டது. நாங்கள் லோயர்மார் இல்லை, கலைப்பீடத்துப் பிள்ளைகள். ஆனால் ஒரு சட்டம் எழுதப்பட்டபோது எழுதியவர்களின் மனதில் யார் இருந்தார்கள், யார் இருக்கவில்லை என்று பார்ப்பது வரலாற்று வேலைதானே.

முதலில் அந்தச் சொல். யாழ்ப்பாணத்து வழமைகளை டச்சுக்காரருக்காகத் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ். 1707இல் முடிந்த அந்தத் தொகுப்பு தமிழில் ஆக்கப்பட்டு 12 முதலிமாருக்கு வாசிக்கக் கொடுக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1806இல் பிரித்தானியர் அதைச் சட்டமாக ஏற்றார்கள். தேசவழமை என்று நாங்கள் இன்றும் சொல்வது இதைத்தான். அது குடும்பச் சொத்தை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது. ஆண் வழியாக வருவது முதுசம். பெண்ணுக்குக் கொடுத்துவிடுவது சீதனம். கலியாணத்துக்குப் பிறகு சேர்வது தேடியதேட்டம்.

இந்த மூன்றாவது சொல்லில்தான் எங்களுக்கு ஆசை. எங்கடை பேச்சில் "தேடுறது" என்றால் தொலைந்ததைத் தேடுவது மட்டுமில்லை. "அவர் நல்லாத் தேடி வைச்சிருக்கிறார்" என்றால் உழைத்துச் சேர்த்திருக்கிறார் என்று அர்த்தம். தேடியதேட்டம் என்ற சொல்லுக்குள் யார் தேடினார் என்று இல்லை. காணி யாரின் பெயரில் எழுதப்பட்டது, சம்பளம் யாரின் கைக்கு வந்தது என்றெல்லாம் அது கேட்பதில்லை. கலியாணம் இருந்தது, அந்தக் காலத்தில் சேர்ந்தது, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே, கரையோரச் சிங்களவர்களுக்கும் தனியான சட்டம் இல்லாத மற்றவர்களுக்கும் டச்சுக்காரர் விட்டுப்போனது உரோமன் டச்சுச் சட்டம். அதிலும் கலியாணம் முடித்தவுடன் இரண்டுபேரின் சொத்தும் ஒன்றாகிவிடும். நிர்வாகம் கணவன் கையில், ஆனால் உரிமையில் ஆளுக்குப் பாதி. இது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு முடிந்தது. 1877 ஜூனிலிருந்து நடக்கும் கலியாணங்களில் சொத்துக்கள் ஒன்றாகாது என்று அது சொன்னது. அவரவர் சொத்து அவரவருக்கு. மட்டக்களப்பில் முக்குவர் சட்டம் என்று இருந்த தாய்வழி மரபும் ஏறக்குறைய இந்தக் கட்டத்தோடுதான் நீதிமன்றங்களிலிருந்து மறைந்தது. அது வேறொரு கட்டுரைக்குரிய கதை.

இதை ஒரேயடியாகப் பிழை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கணவன் குடித்து அழித்தாலும், சூதாடித் தோற்றாலும், கடன்காரன் வந்து மனைவியின் பங்கிலும் கைவைக்கிற நிலைமை பழைய முறையில் இருந்தது. தாய்வீட்டிலிருந்து தென்னந்தோட்டம் கொண்டுவந்த பெண்ணுக்கு "உன்ரை உன்னுடையது" என்பது பெரிய நிம்மதி. 1923இல் வந்த மணமான பெண்களின் சொத்துச் சட்டம் அந்த உரிமையை இன்னும் பலப்படுத்தியது. ஆனால் ஒன்றுமே கொண்டுவராத பெண்ணுக்கு? அவளுக்கு "உன்ரை உன்னுடையது" என்பதன் பொருள் "உனக்கு ஒன்றுமில்லை" என்பதுதான். வீட்டுக்குள் வேலைசெய்து, பிள்ளை பெற்று, மாமியைப் பார்த்து, 30 வருசம் கழித்து வெளியே வந்தால் அவள் பெயரில் எதுவும் இருக்காது.

அந்த நேரத்தில் வடக்கு இந்த மாற்றத்துக்கு வெளியே நின்றது. நின்றது மட்டுமில்லை, 1911இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் பற்றிய கட்டளைச் சட்டம் பாதியை இன்னும் தெளிவாக எழுதியது. தேடியதேட்டம் யார் சம்பாதித்து யார் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் சமமாக உரியது. ஒருவர் இறந்தால் ஒரு பாதி மற்றவருடையதாகவே இருக்கும். கலியாணம் கலைக்கப்பட்டால் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு போகவேண்டும். கலைக்கப்பட்டால்! 1911இல், யாழ்ப்பாணத்தில், விவாகரத்தான பெண்ணுக்குப் பாதி என்று கறுப்பு வெள்ளையில் எழுதியிருந்தது. இதை முதல்தரம் வாசித்தபோது எங்களுக்குள் ஒருவர் "பிழையா மொழிபெயர்க்கிறியள்" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அதே சட்டம், மனைவி தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று சொல்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. அந்தப் பிரிவு இன்றும் புத்தகத்தில் இருக்கிறது.

1911ஐச் சுற்றியிருந்த யாழ்ப்பாணத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேணும். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும்" என்ற பேச்சு சும்மா வரவில்லை. மிசன் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படித்த பெடியங்கள் கொழும்புக்கும் கண்டிக்கும் காலிக்கும் கிளாக்காகவும் ஸ்டேசன் மாஸ்டராகவும் போனார்கள். இன்னொரு பகுதி மலாயாவுக்குக் கப்பலேறியது. இளைப்பாறி ஊருக்குத் திரும்பியவர்களுக்கு "மலாயன் பென்சனியர்" என்றே பெயர். மனைவிமார் பெரும்பாலும் ஊரில். தோட்டம், கிணறு, மாடு, பிள்ளைகளின் படிப்பு, கோயில் உபயம், செத்தவீடு எல்லாம் அவர்கள் தலையில். மாதம் முடிய மணியோடர் வரும். மணியோடர் பொருளாதாரம் என்று பிற்காலத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அனுப்பியவனைப் பற்றித்தான் எழுதினார்கள். வாங்கிக் குடும்பம் நடத்தியவளைப் பற்றி எழுதியது குறைவு.

கலியாணச் சந்தையும் இதைச் சுற்றியே ஓடியது. மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் என்றால் சீதனம் ஏறும். பெண்ணுக்கு எழுதும் காணி வீட்டுக்கு மேலே, மாப்பிள்ளை வீட்டுக்கு டொனேசன் என்று காசு வேறு. பெண்ணின் தகப்பன் அங்கே எதை வாங்குகிறார்? அடுத்த மாதச் சம்பளத்தை மட்டுமில்லை. "என்ரை பிள்ளை கடைசிவரைக்கும் பட்டினி கிடக்காது" என்ற உறுதியை. அதாவது பென்சனை. பெண் வீட்டுக் காசு கொடுத்து வாங்கிய அந்தப் பென்சன் சட்டத்தின் கண்ணில் அவனுடையது மட்டும்.

ஏன் அவனுடையது மட்டும்? இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கலாகிறது. உண்மையில் அது அவனுடையதுகூட இல்லை. ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு என்று ஒரு ஆவணம் இருக்கிறது. 1934இல் வெளியான வடிவந்தான், எத்தனையோ திருத்தங்களோடு, இன்றும் அரச ஓய்வூதியத்துக்கு அடிப்படை. அதன் முதலாவது பிரிவே அரச ஊழியருக்கு ஓய்வூதியத்தின் மீது முழுமையான உரிமை ஏதும் இல்லை என்ற பொருளில் தொடங்குகிறது. ஆளுநர் விரும்பித் தருவது. நன்னடத்தைக்குக் கிடைக்கும் சன்மானம். முடிக்குரிய அரசர் தன் சேவகனுக்கு வயதான காலத்தில் எறியும் பணமுடிச்சு போல. உரிமையில்லாத ஒன்று சொத்தாக முடியாது. சொத்தாகாத ஒன்றை எப்படிப் பாதியாக்குவது? அதனால் 1911இன் தாராளமான பாதிக்குள்கூடப் பென்சன் அடங்கியிருக்குமா என்பது எங்களுக்கு ஐமிச்சந்தான். பென்சன் காசில் வாங்கிய காணி அடங்கும். பென்சன் அடங்காது.

பென்சனைச் சுற்றி இன்னொரு வேலியும் அதற்கு முன்பே போட்டிருந்தார்கள். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில், கடன்காரன் வழக்கு வென்றாலும் கைப்பற்றக்கூடாத பொருட்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. உடுபுடவை, படுக்கை, தொழிலாளியின் ஆயுதங்கள், கமக்காரனின் மாடு, விதைநெல். அதே பட்டியலில் அரசாங்க ஓய்வூதியமும். வேலியின் நோக்கம் நல்லது. வயதான மனிசனின் கடைசிக் கஞ்சியைச் செட்டியார் பறித்துக்கொண்டு போகக்கூடாது. அந்தக் கஞ்சியில் மனைவிக்கும் பங்கு உண்டு என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒருநாள் அந்த மனைவியே வேலிக்கு வெளியே நிற்கக்கூடும் என்று 1889இல் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அப்போது அவளும் செட்டியாரைப் போல இன்னொரு "கடன்காரி".

மனைவியைப் பற்றி அரசு யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதியை உருவாக்கியது. "டபிள்யூ அன்ட் ஓ.பி." என்று எங்கடை வீடுகளில் சொல்வது இதைத்தான். ஆண் உத்தியோகத்தரின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் வெட்டுவார்கள். அவர் இறந்தால் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம். அந்தக் காலத்துக்கு இது முற்போக்கான ஏற்பாடு, சந்தேகமில்லை. எத்தனையோ குடும்பங்கள் இதனால் தலைநிமிர்ந்து இருந்தன. ஆனால் பெயரைப் பாருங்கோ. விதவை. அவளுக்கு உரிமை பிறப்பது அவள் வேலை செய்ததால் இல்லை, அவன் செத்ததால்.

பிறகு 1947. சுதந்திரத்துக்கு முந்தின வருசம், 58ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. தேடியதேட்டம் இருவருக்கும் சமமாக உரியது என்ற பிரிவு போய்விட்டது. புதிதாக வந்த பிரிவு சொல்வது இதுதான்: ஒருவர் இறந்தால், அவர் விற்காமல், உயில் எழுதாமல் விட்டுப்போன தேடியதேட்டத்தில் பாதி உயிரோடு இருப்பவருக்கு. கலியாணம் கலைக்கப்பட்டால் என்ன என்ற வரி? இல்லை. மாற்றி எழுதப்படவும் இல்லை, சும்மா காணாமல் போனது. இதற்குப் பிறகும் பழைய கூட்டுரிமை மிஞ்சியிருக்கிறதா என்று நீதிமன்றங்களில் நீண்டகாலம் இழுபறிப்பட்டது. கடைசியில் 1986இல் உயர் நீதிமன்றம், தேடினவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவருக்கு அதில் பங்கில்லை என்ற முடிவுக்கு வந்தது.

அந்த இடைப்பட்ட காலத்து வழக்குகளைப் புரட்டினால் அங்கே பேசப்படுவது பெரும்பாலும் கடன்காரர், காணி வாங்கினவர், ஈடு எடுத்தவர் ஆகியோரின் தலையிடி. கணவன் விற்ற காணியில் மனைவிக்கும் பாதி என்று பிறகு வந்து நின்றால் வாங்கினவன் என்ன செய்வான்? நியாயமான கேள்விதான். காணிச் சந்தைக்குச் சுத்தமான உறுதி தேவைப்பட்டது. அந்தச் சுத்தத்துக்கு விலையாகப் போனது பிரிந்துபோகிறவளின் பாதி. விவாகரத்து அப்போது ஊரில் கேள்விப்படாத விசயம் மாதிரி இருந்ததால் யாருக்கும் அது நட்டமாகத் தெரிந்திருக்காது. இல்லாத ஒருத்தியின் பாதியை எடுப்பதற்கு ஆர் சண்டை பிடிப்பது?

இப்ப 1898ஐயும் 1947ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. இரண்டிலும் மனைவியின் உரிமை கணவனின் மரணத்தில்தான் கண் திறக்கிறது. செத்தால் பாதி, பிரிந்தால் ஒன்றுமில்லை. 1983இல் 24ஆம் இலக்கச் சட்டம் வந்து பெண் உத்தியோகத்தர்களின் கணவர்மாரையும் உள்ளே எடுத்தது. 1898இல் விதவை, 1983இல் தபுதாரன். பிரிந்தவர் மட்டும், ஆணோ பெண்ணோ, இன்னும் உள்ளே வரவில்லை. 25 வருசம் குடும்பச் செலவிலிருந்து வெட்டப்பட்ட அந்தக் கட்டணம் விவாகரத்து நாளன்று அவளைப் பொறுத்தவரை காற்றில் போய்விடும். கணவன் சேவையில் இருக்கும்போதே மறுமணம் செய்தால், முதலாமவள் மிச்சம்பிடித்துக் கட்டியதன் பலனை ஒருநாள் இரண்டாமவள் எடுப்பாள். அவளில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கில்தான் பிழை.

அரசாங்க உத்தியோகம் இல்லாதவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். இப்ப ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். இது ஆளுநரின் சன்மானம் இல்லை, உழைத்தவரின் சொந்தக் கணக்கு. ஆகவே பங்கிடுவது இலேசு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இங்கேயும் விவாகரத்து என்ற சொல்லுக்கு இடமில்லை. கலியாணம் என்ற சொல்லுக்கு மட்டும் இடம் இருக்கிறது. கலியாணம் காரணமாக வேலையை விடும் பெண் தன் சேமலாப நிதியை உடனே எடுத்துக்கொள்ளலாம். ஆணுக்கு இந்தச் சலுகை இல்லை. சலுகை என்றுதான் சொல்கிறார்கள். கார்மன்ற் ஃபக்டரியில் ஐந்தாறு வருசம் தைத்த பிள்ளை ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டும்போது அந்தக் காசு நகையாகவோ மண்டபமாகவோ மாறும். அவளுடைய முதுமைக் கணக்கு அன்றோடு பூச்சியம். அவனுடைய கணக்கு 55 வயதுவரை வளரும். இரண்டு கணக்கும் ஒரே வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று நம்பி எழுதப்பட்ட சட்டம் இது. வீடு உடைந்தால்?

உடைந்தால் மாவட்ட நீதிமன்றம். எங்கடை பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்கு இன்றும் யாராவது ஒருவரில் குற்றம் காட்டவேண்டும்: பிறன்மனைத் தொடர்பு, தீய நோக்கோடு கைவிட்டுப் போதல், கலியாணத்தின்போதே இருந்த மாறாத ஆண்மைக் குறைவு. தீர்ப்புச் சொல்லும்போது நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. ஒரு தொகையைக் கொடு என்றோ, மாதாமாதம் இவ்வளவு கொடு என்றோ, இந்தக் காணியை எழுதிக்கொடு என்றோ கட்டளையிடலாம். எவ்வளவு என்பது அவருடைய மனதுக்கு நியாயமாகப் படுவது. பாதி என்ற தொடக்கப்புள்ளி இல்லை. மாதக் காசு கட்டளையானாலும் கொடுக்காமல் விட்டால் பென்சனைக் கைப்பற்ற முடியாது, அந்த 1889 வேலி குறுக்கே நிற்கும். 1999ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்துக்குப் போகலாமே என்றால், அது வாழ்க்கைத்துணைக்கானது. முன்னாள் துணைக்கு இல்லை. ஆக, கேட்கிற பெண் நீதிபதியின் இரக்கத்தைத்தான் கேட்கிறாள். தன்னுடையதை இல்லை.

இது எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று நினைத்தால் பிழை. எல்லா நாட்டிலும் இப்படித்தான் இருந்தது, சில இடங்களில் மாறியது என்பதுதான் சரி.

கலிபோர்னியா, ஸ்பானிய மெக்சிக்க மரபிலிருந்து கணவன் மனைவியின் கூட்டுச் சொத்து முறையை எடுத்துக்கொண்ட மாநிலம். எங்கடை பழைய தேடியதேட்டத்தைப் போலத்தான். அங்கேயும் 1941இல் ஒரு தீர்ப்பு, இன்னும் உறுதியாகாத பென்சன் வெறும் எதிர்பார்ப்பு, சொத்தில்லை என்று சொன்னது. 1976இல் பிரவுண் வழக்கு வந்தது. கணவர் தொலைபேசிக் கம்பனி ஊழியர். பென்சன் உறுதியாக 78 புள்ளி வேண்டும், பிரியும்போது அவருக்கு 72. ஆறு புள்ளி குறைவு என்பதற்காக, 20 வருசத்துக்கு மேல் வாழ்ந்த மனைவிக்கு ஒன்றுமில்லையா? மாநில உயர் நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே தள்ளிவிட்டது. பென்சன் முதலாளியின் அன்பளிப்பு இல்லை, செய்த வேலைக்குப் பிந்தித் தரும் சம்பளம் என்றது. இந்த ஒரு வசனத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அன்பளிப்பு என்றால் வாங்கியவனுடையது. பிந்திய சம்பளம் என்றால், அந்தச் சம்பளத்துக்கு வேலை நடந்த காலத்தில் யார் யார் சேர்ந்து குடும்பத்தை இழுத்தார்கள் என்று கேட்கலாம்.

அங்கேயும் நேர்கோட்டில் போகவில்லை. இராணுவ ஓய்வூதியத்தை மாநில நீதிமன்றங்கள் பங்கிட முடியாது என்று 1981 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மெக்கார்ட்டி வழக்கில் 6க்கு 3 என்று தீர்த்தது. படைவீரனுக்கு நாடு கொடுப்பது, குடும்பச் சட்டம் கைவைக்கக்கூடாது என்ற அதே சன்மான வாசனை. ஆனால் முன்னாள் துணைக்கு ஏதாவது செய்யவேண்டுமென்றால் காங்கிரஸ் செய்யட்டும் என்று அதே தீர்ப்பு கதவைத் திறந்துவிட்டது. 15 மாதத்துக்குள், 1982 செப்டெம்பரில், காங்கிரஸ் சட்டம் இயற்றி அந்த அதிகாரத்தை மாநில நீதிமன்றங்களிடம் திருப்பிக் கொடுத்தது. படைமுகாம் மாறி மாறி வீடு தூக்கினதால் தங்களுக்கென்று ஒரு வேலையும் நிலைக்காத மனைவிமார் அதற்காகப் பிரசாரம் செய்தார்கள்.

எங்களுக்கு அதைவிட நெருக்கமான உதாரணம் தென்னாபிரிக்கா. அங்கேயும் உரோமன் டச்சுச் சட்டம். அதே டச்சுக் கம்பனி விட்டுப்போனது. வித்தியாசம், நாங்கள் 1877இல் தூக்கி எறிந்த கூட்டுச் சொத்து முறையை அவர்கள் வேறு ஒப்பந்தம் இல்லாத கலியாணங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அப்படி இருந்தும் விவாகரத்தின்போது கைக்கு வராத பென்சன் பங்குக்குள் வராமலே இருந்தது. 1989இல் விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். பிரிகிற நாளில் அவர் வேலையை விட்டிருந்தால் நிதியிலிருந்து எவ்வளவு கிடைத்திருக்குமோ, அதைச் சொத்தாகக் கணக்கெடுக்கவேண்டும் என்றார்கள். ஆனால் கணக்குச் சரி, காசு கைக்கு வரவில்லை. அவர் ஓய்வுபெறும்வரை முன்னாள் மனைவி காத்திருக்கவேண்டும். 2007இல் அதையும் மாற்றி, தனியார் நிதிகள் அவளின் பங்கை உடனே பிரித்துக் கொடுக்க வழிசெய்தார்கள். ஒரே மரத்தின் இரண்டு கிளைகள். ஒன்றில் பாதி வளர்ந்து பென்சன்வரைக்கும் போயிருக்கிறது. மற்றதில் பாதியே வெட்டப்பட்டதால் வளர ஒன்றுமிருக்கவில்லை.

இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று எங்கள் கூட்டத்தில் கதைத்தபோது எதிர்ப்பு வந்தது, வந்த இடம் நாங்கள் எதிர்பார்க்காத இடம். ஒரு தோழியின் அம்மா ரீச்சர். அப்பாவுக்கு நிலையான வேலை எதுவும் இருந்ததில்லை. "பாதி எண்டா அம்மான்ரை பென்சனிலயும் பாதி போகுமே? வீட்டுவேலையும் அம்மா, சம்பளமும் அம்மா. அந்தாள் என்ன தேடினது?" என்று கேட்டாள். எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. இந்த நாட்டில் ஆசிரியர்களில் பெரும்பான்மை பெண்கள். மலையகத்தில் கொழுந்து எடுப்பது பெண்கள், அவர்களுடைய சேமலாப நிதிதான் பல லயங்களில் ஒரே சேமிப்பு. கண்ணை மூடிக்கொண்டு பாதி என்று எழுதினால் வெட்டு அங்கேயும் விழும்.

அதனால் பாதி என்பது தொடக்கப்புள்ளியாக இருக்கவேணும், முடிவாக இல்லை என்பதே இப்போதைக்கு எங்கள் நிலைப்பாடு. கலியாணம் நீடித்த காலத்தில் சேர்ந்த பங்கு மட்டும் கணக்குக்கு வரட்டும். வீட்டுவேலையை யார் செய்தார் என்பதை நீதிபதி கேட்கட்டும், கேட்டு மாற்றட்டும். அந்தத் தோழிக்கு இது முழுத் திருப்தி இல்லை. எங்களுக்கும் இல்லை. ஆனால் தொடக்கப்புள்ளி பூச்சியமாக இருக்கும்போது முழுச் சுமையும் கேட்கிறவள் தலையில்தான் விழுகிறது. தேசவழமைக்கு உட்படாத கிழக்கு, மலையக, கொழும்புத் தமிழருக்கும், தனியான விவாகச் சட்டங்கள் உள்ள முஸ்லிம், கண்டியப் பெண்களுக்கும் இந்தக் கணக்கு வேறு வேறு விதமாக ஓடும். அவர்களுக்காக நாங்கள் கதைப்பதைவிட அவர்களே இந்தத் தளத்தில் எழுதினால் நல்லது.

கட்டுரையை எழுதி முடிக்க முன்னம் அன்ரியிடம் திரும்பப் போனோம். 1911, 1947 எல்லாம் சொன்னோம். தேடியதேட்டம் என்ற சொல்லை அவருக்கு விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. "அம்மம்மாவின்ரை காலத்தில காணி உறுதியில எழுதுவினம்" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு பொலித்தீன் உறையைக் கொண்டுவந்தார். கலியாணப் பதிவுத் துண்டு, கணவரின் பழைய சம்பளச் சிட்டை ஒன்று. சிட்டையில் டபிள்யூ அன்ட் ஓ.பி. இலக்கத்துக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தது. 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது நகையை விட்டுவிட்டு இதைத்தான் எடுத்துக்கொண்டு ஓடினாராம். அவருக்கு இப்ப 68 வயது. கணவருக்கு 73, சுகமாக இருக்கிறார் என்று கேள்வி.